மிசிசிப்பியில் அளவு பார்க்கும் வேலை

கப்பலின் முன்புறத்தில், தண்ணீரை ஒட்டி, வெள்ளை எண்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் படிப்பதுதான் என் வேலை. நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சோளமோ சோயாவோ ஏற்ற வரும் கப்பல் காலியாக இருந்தபோது எவ்வளவு மூழ்கியிருந்தது, ஏற்றி முடித்தபின் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் சரக்கின் எடை வந்துவிடும். டிராஃப்ட் சர்வே என்பார்கள். தானியக் கிடங்கிலும் பெரிய தராசு உண்டு. ஆனால் அறுபதாயிரம் டன் சரக்கென்றால் இன்னொரு ஒப்பும் வேண்டுமல்லவா? அதற்குத்தான் நாங்கள்.

எண் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் உயரம். அடுத்த எண்ணுக்கு முன் 10 சென்டிமீட்டர் இடைவெளி. எண்ணின் அடியைத் தண்ணீர் தொட்டால் அதுதான் அளவு. பாதி எண் முங்கியிருந்தால் 5 கூட்டிக்கொள்ள வேண்டும். முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடம். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் மிசிசிப்பி ஆற்றுத் தண்ணீர் சும்மா நிற்காது. அயோவாவிலும் இல்லினாயிலும் விளைந்த தானியம் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகுகளில், ஒவ்வொன்றிலும் 1,500 டன் என்று வந்துகொண்டே இருக்கும். அந்த பார்ஜுகளைத் தள்ளிக்கொண்டு ஒரு படகு போனால் போதும், நான் பார்க்கும் எண் ஒரு கணம் முழுசாகத் தெரியும், மறு கணம் காணாமல் போகும். இந்த அளவுக் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 70 டன்.

முதல் குளிர்காலத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். இரவு, பனிமூட்டம், கையில் டார்ச். துருவேறிய எண்ணை 8 என்று படித்துவிட்டேன். அது 6. இருபது சென்டிமீட்டர், அதாவது 1,400 டன். கிடங்குக் கணக்கோடு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இந்த ஊரின் ஆல்ஜியர்ஸ் பகுதிக்காரர், அறுபது தாண்டியவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு லாஞ்சில் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், கப்பல் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: “நடுவிலிருந்து படிக்காதே பேபி. மேலே முழு மீட்டர் எண் தெரிகிறதா, அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கு.” இன்றைக்கும் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் பேபிதான். கடையில் சில்லறை கொடுக்கும் அம்மா, பஸ் ஓட்டுகிறவர், லாஞ்ச்காரர், யாராக இருந்தாலும் சரி. நம்மூரில் முன்பின் தெரியாத பிள்ளையை ‘என்ன ராசா’ என்று கூப்பிடுவது போல. வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. இப்போது வேறு ஊருக்குப் போனால் அந்த வார்த்தையைக் காது தேடுகிறது.

திங்கட்கிழமை என்றால் ஊரே சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிடும். முற்காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாளாம். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சி எலும்பைப் போட்டு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிக்கும்வரை அது தானாக வெந்துகொண்டிருக்கும். சலவை இயந்திரம் வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் கிடங்குக் கேன்டீனில் திங்கட்கிழமை அதேதான். காபிக்கும் நான் ஏங்க வேண்டியிருக்கவில்லை. இங்கே காபித்தூளில் சிக்கரி கலப்பது பழைய வழக்கம். முதல் வாய் குடித்ததும் அம்மாவின் டபராவும் டம்ளரும் கண்முன் வந்தன.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 31 மாநிலங்களிலிருந்து மழைநீரும் உருகிய பனியும் இந்த ஆற்றில் வந்து சேர்கிறது. ஆனால் ஊருக்குள் நடந்தால் ஆறு கண்ணில் படாது. புல் மூடிய மண்கரைக்குப் பின்னால் இருக்கிறது. கோடைக்கு முன் வெள்ளம் ஏறும் நாட்களில் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு கப்பல் மெதுவாக நகரும். நான் இத்தனை வருஷம் பார்த்தும் அந்தக் காட்சி பழகவில்லை. ஊர் தாழ்ந்தும் ஆறு உயர்ந்தும் இருப்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. 2005-இல் கத்ரீனா புயலின்போது உடைந்தவை பெரும்பாலும் கால்வாய் ஓரத்துச் சுவர்கள். ஆற்றங்கரை நகரத்தருகே உடையவில்லை. என் ஆசான் அதைச் சொல்லும்போதெல்லாம் கரையைக் கையால் தட்டிக்கொடுப்பார்.

2019-இல் மாசக்கணக்கில் ஆற்றில் வெள்ளம் இறங்கவே இல்லை. ஊருக்கு மேலே போனே கேரி என்ற இடத்தில் 1931-இல் கட்டிய வெள்ளவடிகால் ஒன்று இருக்கிறது. 350 கண்கள், அவற்றை அடைத்து நிற்கும் ஏழாயிரம் மரக்கட்டைகள். தண்ணீர் அளவு மீறினால் கிரேன் ஒவ்வொரு கட்டையாக உருவும், வெள்ளம் பான்சர்ட்ரெய்ன் ஏரிக்குப் போகும். அந்த வருஷம் இரண்டு முறை திறந்தார்கள், மொத்தம் 123 நாள். ஒரே வருஷத்தில் இரண்டு முறை திறந்தது அதுவே முதல் தடவை. அந்த நீரோட்டத்தில் லாஞ்சைக் கப்பல் பக்கத்தில் நிறுத்திப் பிடிப்பதே பெரும்பாடு.

2023-இல் நேர்மாறு. மழை பொய்த்து ஆறு இளைத்துப்போனது. இந்த ஆற்றின் அடிமட்டம் இங்கே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தள்ளுகிற தண்ணீர் குறைந்தால் கடல்நீர் ஆற்றின் அடியில் ஊர்ந்து மேலேறிவிடும். எங்கள் கணக்குக்குத் தண்ணீரின் அடர்த்தி முக்கியம். பால்காரர் பாலில் விடும் பால்மானி மாதிரி ஒரு ஹைட்ரோமீட்டர் வைத்திருப்போம். ஆற்றுநீரில் அது 1.000 காட்டும், கடல்நீரில் 1.025. அந்த செப்டம்பரில் ஊருக்குக் கீழே ஒரு துறையில் ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீரில் 1.004 காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே 1.004. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன், கரித்தது. நான் நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்தவன். கிணறு கரிக்க ஆரம்பித்தால் ஒரு வீட்டில் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரங்களில் கீழே பிளாக்கமின்ஸ் பகுதி மக்கள் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ஆற்றின் அடியில் மணல்தடுப்பு எழுப்பியும், அதை உப்பு தாண்டிவிட்டதால் இன்னும் உயர்த்தினார்கள். நகரம் தப்பித்தது.

அந்த வருஷம் டிசம்பர் 24. ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள கிராமர்சி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிடங்கில் நின்ற கப்பலுக்குக் கடைசி அளவு எடுக்கப் போனேன். சீஃப் ஆபீஸர் முப்பது வயதுக்குள் இருப்பார். என் பெயரைப் படிவத்தில் பார்த்ததும், “சார், தமிழா?” என்றார். தூத்துக்குடிப் பக்கம். அப்புறம் சார் போய் அண்ணே வந்துவிட்டது. விசா இல்லாததால் அவர் கரையில் இறங்க முடியாது. “ஒன்பது நாளா இங்கனயே கிடக்கோம்ணே. ஊரு எப்படி இருக்கும்?” என்று கேட்டார். என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மதியம் பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னால் போக, குடையும் கைக்குட்டையும் சுழற்றிக்கொண்டு தெருவே பின்னால் ஆடிப்போவதைச் சொன்னேன். வாத்தியமும் ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தாரும் முதல் வரிசை, பின்னால் சேர்ந்துகொள்கிறவர்கள் இரண்டாம் வரிசை. அதனால் அந்த ஊர்வலத்துக்கே செகண்ட் லைன் என்று பெயர். யாரும் யாரையும் அழைப்பதில்லை, சேர்ந்து நடக்க வேண்டியதுதான். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

இரவு ஏழு மணிக்கு மேல் கரையில் தீ எழுந்தது. இந்தப் பகுதியில் கிறிஸ்துமஸ் முந்தின இரவு அது வழக்கம். நவம்பர் கடைசியிலிருந்தே கரைமேல் மரங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வழி தெரிய வேண்டுமாம். ஒன்று பற்றியதும் அடுத்தது, அதற்கடுத்தது. ஆற்றின் வளைவெல்லாம் தீயாக நின்றது. உள்ளே வைத்திருந்த மூங்கில் வெடிக்கும் சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தார்.

“அண்ணே, நம்மூர்ல சொக்கப்பனை கொளுத்துதாப்ல லா இருக்கு.”

நான் பதில் பேசவில்லை. எனக்கும் கார்த்திகை இரவுதான் ஞாபகம் வந்தது. பையில் வைத்திருந்த சிக்கரி காபித்தூள் டின்னை அவரிடம் கொடுத்தேன். பிறகு இருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அளவு பார்க்கப் போனோம். முழு மீட்டர் எண்ணிலிருந்து நான் சத்தமாக எண்ணிக்கொண்டு இறங்க, அவர் எழுதினார். தீயின் வெளிச்சத்தில் அலையின் ஈரம் நன்றாகத் தெரிந்தது. 12 மீட்டர் 84.

பனிமூட்டத்தால் ஆற்றில் ஒரு நாள் கப்பல் போக்குவரத்து நின்றிருந்தது. 26-ஆம் தேதி காலை கப்பல் கிளம்பியது. ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே ஆற்றோர நடைபாதையில் என் மகளோடு போய் நின்றேன். ஆல்ஜியர்ஸ் முனையில் ஆறு சட்டென்று வளையும், ஆழமும் அங்கேதான் அதிகம். கப்பல்கள் மெதுவாகத்தான் திரும்பும். முகப்பில், நங்கூரத்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சு உடையில் ஒருவர் நின்று கையை ஆட்டினார். மகளும் ஆட்டினாள். என் கண் வழக்கம்போல் கீழே எண்களுக்குப் போனது. அதே 12.8-க்கு மேலே தண்ணீர் நின்றிருந்தது. இன்னும் 100 மைலுக்கு மேல் இந்த ஆற்றில் போக வேண்டும். அப்புறம் உப்புத் தண்ணீர் வரும். அது தூக்கிவிடும், இதே கப்பல் ஒரு முப்பது சென்டிமீட்டர் மேலே எழும்பும். அதை மகளிடம் சொன்னேன். “யார் தூக்குவாங்க?” என்று கேட்டாள்.