கடல் தெரியாத இடமாப் பார்த்து

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் டென்ட் அடித்துத் தங்குகிற இடம் க்ளேலாக் முகாம். கோடையில் அங்கே கடலைப் பார்த்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. (ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நாள் 'கலலோச்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே யாருக்கும் புரியவில்லை.) டிசம்பரில் முன்பதிவே கிடையாது, முதலில் வருகிறவருக்கு இடம். சியாட்டிலில் இருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், மேட்டு விளிம்பில் வரிசையாக எல்லா இடமும் காலி. கீழே பசிபிக். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. கூட வந்தவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், தூத்துக்குடிக்காரர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் காரை விட்டு இறங்காமலே கேட்டார்: "ஏன் தம்பி, இவ்ளோ நல்ல இடத்த ஒருத்தனும் எடுக்கல?"

நான் காதில் வாங்கவில்லை.

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குச் சுமார் 110 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அதில் குளிர்காலத்தில் காரோடு போய்த் தங்க எது திறந்திருக்கும் என்று தேடினால் பட்டியல் சீக்கிரம் சுருங்கிவிடும். சவுத் பீச் முகாம் மூடிவிடுவார்கள். க்ளேலாக்கும் மோராவும் வருடம் முழுக்க உண்டு. ஷி ஷி கடற்கரைக்கு ஆசைப்பட்டேன். அதற்கு மக்கா பழங்குடியினரின் நிலத்தில் இருந்துதான் நடக்க வேண்டும், அவர்களுடைய பாஸ் தனி, பூங்கா பெர்மிட் தனி. செலவு பெரிதில்லை, மழைக்காலத்தில் அந்தப் பாதை முழங்கால் சேறு என்று கேள்விப்பட்டதும் விட்டுவிட்டோம்.

முதல் ராத்திரி சுருக்கமாகச் சொல்கிறேன். நாலரைக்கெல்லாம் இருட்டு. எட்டு மணிக்குக் காற்று பிடித்தது. அந்தப் பக்கம் புயல் வரும்போது முதலில் தெற்கில் இருந்துதான் அடிக்கும். நான் டென்ட் வாசலைத் தெற்கே பார்த்து வைத்திருந்தேன். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. ஒரு கம்பி வளைந்தது, மேல்துணி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தது. ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு பேரும் காருக்குள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

காலையில் முகாமைச் சுற்றி நடந்தேன். எங்களைத் தவிர இரண்டே வண்டிகள். இரண்டும் உள்பக்கம், ஆள் உயரச் சலால் புதருக்குப் பின்னால், கடல் துளியும் தெரியாத இடத்தில். அதில் ஒருவர் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் இடம் தேடவே ஆரம்பித்தோம் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் மோரா. ரியால்ட்டோ கடற்கரையில் இருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, பெரிய ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்களுக்கு அடியில். காற்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும், கீழே தீக்குச்சி அணையாது. ஆனால் அங்கே வேறு தொல்லை. முதலில் பிடித்த இடத்தில் கை தடிமன் கிளை ஒன்று மண்ணில் குத்தி நட்ட மாதிரி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அதே மரத்தில் பட்டுப்போன கிளைகள் இன்னும் நாலைந்து. அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். அங்கே அண்ணன் குனிந்து தரையைக் காட்டினார்: உதிர்ந்த ஊசியிலைகள் மெல்லிய வரிவரியாக ஒதுங்கிக் கிடந்தன. மழைத் தண்ணீர் ஓடிய தடம். வரிகள் இல்லாமல் இலை பரவலாகக் கிடந்த ஒரு மேடு நாலாவது இடத்தில் கிடைத்தது. அங்கே அடித்த டென்ட் காலை வரை காய்ந்திருந்தது.

மூன்றாம் ராத்திரிக்கு ரியால்ட்டோ கடற்கரையிலேயே தங்க பெர்மிட் எடுத்திருந்தேன். நாங்கள் போனபோது வயது வந்த ஒருவருக்கு ஓர் இரவுக்கு 8 டாலர், முன்பதிவுக் கட்டணம் 6 டாலர். உணவை வைக்க, கரடியால் திறக்க முடியாத அந்தக் கனத்த டப்பா கட்டாயம். கரடியை விட ரக்கூன்தான் அங்கே பெரிய திருடன். எல்லன் ஓடைக்கு வடக்கேதான் தங்கலாம், அதாவது கூழாங்கல்லில் கால் புதையப் புதைய ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை.

நான் செய்திருந்த கணக்கு: பகலில் வற்றம் வரும், அதாவது கடல் பின்வாங்கும், அப்போது இன்னும் வடக்கே, ஹோல் இன் த வால் பாறையைத் தாண்டிப் போய்விடலாம். ஏற்றவற்ற அட்டவணையை அண்ணனிடம் நீட்டினேன். "இத நம்பியா நடக்கப் போற?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் கரையில் கோடையில்தான் பெரிய வற்றம் பகலில் வரும். குளிர்காலத்தில் அது ராத்திரிக்குப் போய்விடும். பகலில் கிடைப்பது அரைகுறை வற்றம், அடுத்து வரும் ஏற்றமோ 9 அடிக்கு மேல். போதாததற்குப் புயல் அலை வேறு, அது அட்டவணையில் இருக்காது. பாறை முனையைச் சுற்றும் யோசனையை அங்கேயே கைவிட்டோம்.

ஓடையைத் தாண்டியதும் மரக்கட்டைக் குவியலுக்கு முன்னால் வழவழவென்று ஒரு மணல் திட்டு. டென்டுக்கென்றே சமன்படுத்திய மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமன், பட்டை உரிந்த இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது, அடியில் பச்சைக் கடற்பாசி நசுங்கிக் கிடந்தது. நேற்றோ முந்தாநாளோ அலை தூக்கிப் போட்டது. இந்தக் கட்டைகளால் ஆள் செத்திருக்கிறார்கள் என்று இந்தக் கரையில் பலகையே வைத்திருக்கிறார்கள். குவியலின் பின்பக்கம், கட்டைகளுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. அதுவரை அலை வருவதில்லை என்று அர்த்தம். அதற்கும் மேலே ஏறி, மரங்களுக்குள் இரண்டு டென்ட் அளவுக்கு ஓர் இடம் கண்டுபிடித்தோம். கடல் தெரியவில்லை. ராத்திரி முழுக்கக் கட்டைகள் மோதிக்கொள்ளும் சத்தம் மட்டும், தூரத்தில் லாரியில் சரக்கு இறக்குகிற மாதிரி.

காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வந்தது. ஓடைத் தண்ணீர் எடுத்து வந்தேன். காட்டு இலைச் சாறு இறங்கி அந்த ஓடைகளெல்லாம் பழுப்பாகத்தான் ஓடும், வடிகட்டினாலும் நிறம் போகாது. கொதிக்க வைத்து அண்ணனிடம் ஒரு டம்ளர் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுல டீத்தூள் போட்டியா, இல்லையா?"

இன்னும் போடவில்லை.