வாடைக்கு முந்தின வேலைகள்

ஒக்டோபர் 11

பின்னேரத்தில் இடி மட்டும், மழை இறங்கவில்லை. அது வரமுதல் ஆட்டுக் கொட்டில் முடிய வேண்டும். பெரிய ஆடு ஒன்றுக்கு 12 சதுர அடி என்றால் 14 ஆட்டுக்கு 168. அதனால் ஆடு நிற்கும் பரண் 12க்கு 14 அடி, நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரம். கீழே குனிந்து புழுக்கை வாரவும் அந்த உயரம் வேண்டும்.

தளத்துக்கு இரண்டங்குலப் பனஞ்சலாகை. சிக்கல் முழுக்க இடைவெளியில்தான். முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் குட்டியின் குளம்பு உள்ளே இறங்கி முன்னங்கால் முறியும். அரை அங்குலத்துக்குக் குறைந்தால் புழுக்கை விழாது, மூத்திரத்தில் தளம் ஊறும், பிறகு குளம்பு அழுகும். அடிமட்டம் தேவையில்லை: சுண்டுவிரல் போக வேண்டும், பெருவிரல் சிக்க வேண்டும்.

மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து. வடக்கும் கிழக்கும் இரட்டைக் கிடுகு (பின்னின தென்னோலை), தளத்திலிருந்து நாலடி உயரத்துக்கு. அதற்கு மேலே, கூரைக்குக் கீழே ஓரடி திறப்பு. நாலு பக்கமும் தறப்பாளால் இறுக்கிக் கட்டுவது ஊரில் வழமையான பிழை. மூத்திர நெடி உள்ளே நின்றுவிடும். இரண்டு நாளில் இருமல், மூக்கொழுகல். குளிர் பிடித்துவிட்டது என்று இன்னும் இறுக்குவார்கள். விடியப்புறம் உள்ளே போய் ஆட்டின் தலை உயரத்துக்குக் குந்திப் பார்க்க வேண்டும். கண் எரிந்தால் திறப்புப் போதாது.

கூரைத் தகரம் இரண்டடி வெளியே நீட்டியாயிற்று. ஒன்றரை அடி போதும் என்று நினைத்தால் சாய்மழை சிரிக்கும்.

ஒக்டோபர் 14

மிளகாய், கத்தரி நாற்றுமேடை: மூன்றடி அகலம், அரையடி உயரம். மேலே வைக்கலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்தாயிற்று. நாற்றழுகலைக் கொண்டுவரும் பூஞ்சணம் மேல்மண்ணில்தான் இருக்கிறது. எரித்த பிறகும் விதையை நெருக்கித் தூவினால் பயனில்லை. வரிக்கு வரி நாலு விரல்.

ஒக்டோபர் 18

தெற்கு வேலிக்குக் கதியால் (நட்டால் வேர்விடும் வேலித்தடி) வெட்டு. கிளிசரியாவும் பூவரசும், மணிக்கட்டு மொத்தம், ஆறடி நீளம். இரண்டு முனையும் சரிவாக வெட்ட வேண்டும். மேல்முனை தட்டையாக இருந்தால் மழைத்தண்ணி நின்று அழுகும். வெட்டினதும் அடிப்பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தால் தலைகீழாக நடும் பிழை வராது. வெட்டுவாய் காய மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும். பிறகு அலவாங்கால் ஓரடி ஆழத்துக்குக் குழிபோட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்று. கதியாலை அடித்து இறக்கினால் பட்டை உரிந்து வேர் வராது.

ஆடு பட்டையைக் கடிக்கும். சாணிக் கரைசலை மூன்றடி உயரம் வரை பூசி, மழை கழுவக் கழுவத் திரும்பப் பூச வேண்டும்.

ஒக்டோபர் 30

ஒரு கிழமை மழை. வளவெல்லாம் பச்சை, ஆபத்தும் அதுதான். வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விட்டால் இடப்பக்க வயிறு ஊதி நுரைக்கும். முதலில் வைக்கல், இல்லாவிட்டால் வாடின குழை. பிறகுதான் படலை திறப்பு. ஊதிவிட்டால் பெரிய ஆட்டுக்கு 100 மில்லி தேங்காய் எண்ணெய், கடைவாயால், கொஞ்சம் கொஞ்சமாக. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் சுவாசப்பைக்குள் போய், ஊதலில் தப்பினது அதில் சாகும்.

கொக்கச்சத்தகத்தால் (நீண்ட தடியில் கட்டின வளைகத்தி) இழுக்கும் குழையில் இப்பிலிப்பில் (சூபாபுல்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மயிர் கொட்டும். கிளிசரியாவைச் சில ஆடுகள் மணத்துக்கே ஒதுக்கும். ஓரிரவு வாடவிட்டால் தின்னும்.

நவம்பர் 9

குடற்புழுப் பார்வை. கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பார்ப்பது: சிவப்பு நல்லது, வெளிறிய ரோசா என்றால் கவனிக்க வேண்டும், வெள்ளை என்றால் இரத்தம் குடிக்கும் புழு மிஞ்சிவிட்டது. இன்று மூன்று வெளிறல், ஒன்று வெள்ளை. எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றாமல் இந்த நாலுக்கு மட்டும். கண்டபடி ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுதான் மிஞ்சும். குறைத்து ஊற்றினாலும் அதே கதை, ஆகவே எடை தெரிய வேண்டும்.

தராசு இல்லாவிட்டால் தையல் நாடா. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தால் பெருக்கி, 660ஆல் பிரித்தால் கிலோ. வெள்ளை இமை மறி (பெட்டை ஆடு): சுற்றளவு 28, நீளம் 24, எடை இருபத்தெட்டரை. கண்மதிப்பில் 22 என்றுதான் சொல்லியிருப்போம்.

மேய்ச்சல் இனி பத்து மணிக்குப் பிறகு. ஈரத்தில் புழுக்குஞ்சு புல்நுனிக்கு ஏறி நிற்கும்.

நவம்பர் 17

நாய்கள். காதுமடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் உண்ணி பார்ப்பு. முரசு (பல் ஈறு) வெளிறிச் சாப்பாடு ஒதுக்கினால் உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி உடனே மிருக வைத்தியரிடம். விசர் ஊசி வருடம் தவறக்கூடாது.

ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாகப் போடுவதில்லை. நாயின் நாடாப்புழு முட்டை புல்லுக்கு வந்து, ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அவித்துப் போட்டால் அந்தச் சங்கிலி அறும்.

வயலுக்கு மருந்து அடிக்கும் நாட்களில் நாயும் கோழியும் வளவுக்குள்ளேயே. வாய்க்கால் தண்ணி நஞ்சு. இரவில் நாயைக் காட்டுக்கரைக்கு விடுவதில்லை, பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பிக்குப் பன்றியும் நாயும் ஒன்றுதான்.

டிசெம்பர் 4

மூன்றாம் நாளாக வாடையும் தூறலும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் போனபோது இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் குளிரில் செத்தன. குளிர் தனியாக வந்து கொல்வதில்லை. மயிர் தோல்வரை நனைந்து, காற்றுப்பட்டு, வயிறும் வெறுமையாக இருந்தால் ஓரிரவு போதும். செமிக்கும் வைக்கல்தான் ஆட்டுக்குள் எரியும் அடுப்பு. அதனால் பொழுதுபட வைக்கல் நிறைய, தவிடு காலையில்.

மூத்த மறி இரட்டைக் குட்டி போட்டது. முதலாவது எழும்பிக் குடித்தது. இரண்டாவது 1.8 கிலோ, வாய்க்குள் விரல் வைத்தால் குளிர்ந்திருந்தது, சூப்பவில்லை. இந்த நிலையில் பால் ஊற்றக்கூடாது, விழுங்காமல் சுவாசப்பைக்குப் போகும். சாக்கால் தேய்த்துக் காயவைத்து, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்து, அரை மணிக்கொருக்கால் வாயைப் பார்ப்பு. தொப்புளை ரிங்சர் அயடினில் முழுதாக நனைத்தாயிற்று, பூசுவது போதாது.

ஒன்றரை மணித்தியாலத்தில் விரலைச் சூப்பியது. தாயிடம் கறந்த கடும்புப்பால் (குட்டி போட்டதும் சுரக்கும் முதற்பால்) 50 மில்லி. எடையில் பத்திலொன்று, 180 மில்லி, ஒரு நாளைக்குள் உள்ளே போக வேண்டும்.

இரவு ஒன்பது: இன்னொரு 50. வெந்நீர் பதினொன்றுக்கு மாற்ற வேண்டும்.