விரல் ஓரிடம், வாய் ஓரிடம்

மூன்றாம் வகுப்பில் அந்தப் பையன் பாடத்தைக் கடகடவென்று வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். விரல் மூன்றாவது வரியிலேயே நிற்கிறது. வாய் ஆறாவது வரியைத் தாண்டிவிட்டது. புத்தகத்தை மெல்ல மூடினேன். அவன் நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் ஒரே புத்தகத்தையே வாசிக்கவைத்தவள் நான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப்போனேன். 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்று தொடங்கும் வாக்கியம், பத்து வரி தாண்டி 'அன்புடன் அழைக்கிறோம்' என்ற இடத்தில்தான் முடிகிறது. விசுவாவசுவிலேயே பாதி வகுப்பு கவிழ்ந்தது. மற்றவர்கள் 'சுபயோக சுப' என்று மூச்சு விட்டுவிட்டு, 'தினத்தில்' என்று புதிதாகத் தொடங்கினார்கள். எங்கே மூச்சு விடலாம் என்று பென்சிலால் சாய்கோடு போட்டுப் பார்த்தோம். பொருள் புரியாமல் கோடு போட முடியாது. தாய்மாமன் யார், முகூர்த்தம் எப்போது என்ற பஞ்சாயத்திலேயே அரை மணி நேரம் போய்விட்டது. நான்காம் முறை வாசித்தபோது, தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நின்று அழைப்பது போலவே இருந்தது.

அதன்பின் பிஸ்கட் உறை, ரேஷன் கடை அறிவிப்பு, பஸ் நேரம் என்று பிள்ளைகளே கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருத்தி கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையே கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள்! தயங்கினேன். ஆனால் யாரும் சொல்லாமலே வகுப்பு குரலைத் தாழ்த்தி வாசித்தது அன்றைக்குத்தான்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கையும் குறித்துவைக்கிறேன். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'வா' என்பதும் ஒரு சொல், 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பதும் ஒரு சொல் என்றால் நம் மொழிக்கு அது என்ன கணக்கு?

போன வாரம் அந்தப் பையனுக்கு விடுகதைத் தாள். 'அடிமேல் அடி வாங்கி' என்பதை 'அடிமேல் அடி வங்கி' என்று வாசித்தான். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு சொல் தள்ளிப்போய் நின்றான். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினான். விரலும் கூடவே வந்தது. 'அடிமேல் அடி வாங்கி அனைவரையும் ஆட்டிவைப்பான், அவன் யார்?' என்று முடித்துவிட்டு, விடையைச் சொல்லாமல் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"மத்தளம்!" என்று கூரை அதிர்ந்தது.