பத்து அல்ல, ஏழு

நான்கு நாள்களாக ஒரே சொல்லோடு மல்லுக்கட்டி, நேற்றிரவு ஒருவழியாக அதைப் பணியவைத்தேன். போலந்து மொழியில் ‘இருபத்தைந்து வயதுடைய’ என்பதற்கான பெயரடை அது: த்வுஜெஸ்தொபியெஞ்ச்சொலெத்நி. அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில், அது தெரிந்ததுதான். ஆனால் ஒவ்வொரு முறை எண்ணும்போதும் எனக்குப் பத்து அசை வந்தது.

குற்றவாளி, ‘i’ என்ற அந்தக் குச்சி எழுத்து. இந்தச் சொல்லில் நான்கு இடங்களில் நிற்கிறது. கடைசியில் மட்டும் உயிர். மற்ற மூன்றிலும் முன்னுள்ள மெய்யை மென்மையாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நானோ அந்த மூன்றையும் ‘ஜி-எ’, ‘பி-யெ’, ‘ச்சி-ஒ’ என்று உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு குறிலைச் சேர்த்து ஒரே நிரையசை ஆக்கும் நம் யாப்புக் கணக்கும் இங்கே உதவாது. போலந்து மொழியில் ஓர் உயிருக்கு ஓர் அசை, அவ்வளவுதான். புளியங்கொட்டையை மேசையில் வரிசையாக வைத்து, உயிருக்கொன்றாக நகர்த்தினேன்: த்வு-ஜெ-ஸ்தொ-பியெஞ்-ச்சொ-லெத்-நி. ஏழு! முதல் அசையில் லேசான தட்டு, ‘லெத்’தில் முழு அழுத்தம்.

ஆண்பாலில் தப்பாக எண்ணினாலும் அழுத்தம் சரியாகவே விழும், சொல்தான் நொண்டும். என் மானம் போனது பெண்பாலில். ‘லெத்நியா’வை லெத்-நி-யா என்று மூன்றாக்கி ‘நி’யை அழுத்தியிருக்கிறேன். அது இரண்டே அசை. அழுத்தம் ‘லெத்’தைவிட்டு அசையவே இல்லை. ஆண்பால் சொல் ஆறாம் வேற்றுமையில் ‘லெத்நியெகோ’ ஆனதும் அழுத்தம் ஓரடி தள்ளி ‘நியெ’யில் உட்கார்ந்துகொள்கிறது. பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கிய அகராதியில் அழுத்தக் குறியே கிடையாது. விதி ஒழுங்காக இருப்பதால் தேவையில்லையாம்! கொட்டை எண்ணியவனுக்கல்லவா தெரியும்.

வால் பக்கத்திலிருந்து கட்டிப் பழகுவதுதான் எனக்குக் கைகொடுத்தது: நி, லெத்நி, ச்சொலெத்நி... முன்பக்கத்திலிருந்து தொடங்கினால் ‘பியெஞ்’ வருவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது.

நான்காம் வேற்றுமையான ‘லெத்நியெமு’வை இன்னும் தொடவில்லை. அதற்குள் மனம் போலந்தில் 1999 முதல் இருக்கும் 16 மாகாணங்களின் பெயர்களுக்குத் தாவிவிட்டது. குயாவ்ஸ்கொ-பொமோர்ஸ்கியெ என்பதில் இரண்டு வட்டாரங்கள் சேர்வதால் நடுவில் கோடு உண்டு. ஜாஹொத்நியொபொமோர்ஸ்கியெ என்பது மேற்குப் பொமெரேனியா என்ற ஒரே வட்டாரம், கோடு கிடையாது. ஆறு அசை, அழுத்தம் ‘மோர்’. இன்று காலை எண்ணியபோது எட்டு வந்தது. கொட்டைகளை மறுபடி எடுத்துவைத்திருக்கிறேன்.