சைக்கியாட்ரி எடுக்கலாமா? வட சென்னைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வு முடிவு வந்த இரண்டு மூன்று நாட்களில் ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் யாராவது போன் செய்துவிடுவார்கள். "அக்கா, என் ரேங்குக்கு சைக்கியாட்ரி கிடைக்கும் போலிருக்கிறது. எடுக்கலாமா?" குரலில் பாதி ஆசை, பாதி மனச்சமாதானம். நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு மனிதர் சொல்வதை முக்கால் மணி நேரம் கேட்டு, அதை அவருடைய வார்த்தையிலேயே எழுதிவைக்க முடியுமா என்று திருப்பிக் கேட்பேன். "நண்பர்கள் எல்லாரும் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள் அக்கா" என்று பதில் வந்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கும். ஆறுதல் சொல்லும் அவசரம் இந்தத் துறையில் பெரிய இடைஞ்சல்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட் பிஜியில் 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு. தவறினால் ஒன்று போய்விடும். மொத்தம் மூன்றரை மணி நேரம். 2024 முதல் தாளை ஐந்து பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். பகுதிக்கு 40 கேள்விகள், 42 நிமிடங்கள். முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே மாதிரித் தேர்வையும் 42 நிமிடத் துண்டுகளாகவே எழுதிப் பழகுங்கள். வேடிக்கை என்னவென்றால், இதில் மனநல மருத்துவக் கேள்விகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, பத்தாலஜி, மருந்தியல் நன்றாகத் தெரிந்தவருக்கே சைக்கியாட்ரி இடம் கிடைக்கும். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் படிக்க ஆசை இருந்தால் அதற்கு ஐ.என்.ஐ.-செட் என்ற தனித் தேர்வு எழுத வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதியில் பாதி, தமிழகத்தில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இதை மனதில் வைத்துத் திட்டமிடலாம்.

படிக்க இடம் கிடைப்பதுதான் நம் பக்கத்தில் பெரும் பாடு. ஒற்றை அறை வீடு, பக்கத்து வீட்டு டி.வி., இரவெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பிடங்கள் எங்கள் காலத்தில் இல்லை என்று பொறாமையாக இருக்கிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிறவர்களுக்குத் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அதைப் "படிப்பு டென்ஷன்" என்று தள்ளிவிடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசுகிறார்கள். நாளைக்கு நோயாளிக்குக் கொடுக்கப்போகும் எண்ணை இன்றைக்கு உங்களுக்காக அழைப்பதில் வெட்கம் எதற்கு?

எம்.பி.பி.எஸ். கடைசியில் வரும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஆண்டில் மனநலப் பிரிவுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடும் வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. இந்தத் துறையை எடுக்கும் எண்ணம் துளி இருந்தாலும் ஓடாதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நோயாளியின் வரலாற்றை முழுமையாக எழுதிப் பாருங்கள். உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எழுதுவது என்றால் எப்படி? மகனைக் கூட்டிவந்த தாய், "ஒரு மாதமாகத் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறான்" என்கிறார். மாணவர் உடனே கேஸ் ஷீட்டில் "ஹாலுசினேஷன்" (இல்லாத குரல், உருவம் தெரிவது) என்று எழுதுகிறார். அங்கேயே விசாரணை நின்றுவிடுகிறது. பையன் யாருக்காவது பதில் சொல்வதுபோல் பேசினானா, முணுமுணுத்தானா, பாடினானா, போனில் பேசினானா? எந்த நேரத்தில்? குடித்திருந்தானா? அம்மா அறைக்குள் வந்ததும் நிறுத்தினானா? பிறகு பையனிடம் தனியாகக் கேட்க வேண்டும். "மாடியிலிருந்து இரண்டு பேர் நான் சாப்பிடுவதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்" என்று அவன் சொன்னால் அந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். நோயின் பெயர் கடைசிப் பக்கத்துக்குரியது. மேற்படிப்பான எம்.டி. தேர்வில் லாங் கேஸ், அதாவது ஒரு நோயாளியை முழுதாக விசாரித்துச் சொல்லும்போது தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே பெரும்பாலும் இதுதான்: "நோயாளி என்ன சொன்னார்? அவர் சொன்னதைச் சொல்லுங்கள்." அந்த வாக்கியம் கையில் இருப்பவர் அதற்குப் பின் வரும் எந்தக் கேள்வியையும் சமாளித்துவிடுவார். இல்லாதவர் எத்தனை கோட்பாடு படித்திருந்தாலும் திணறுவார்.

கூட வந்த உறவினரிடம் தனியாகப் பேசுவதையும் நோயாளியிடம் தனியாகப் பேசுவதையும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள். கூட்டமான ஓ.பி.யில் இது கடினம்தான். மனைவி எதிரில் குடியின் அளவு பாதியாகிவிடும்; மாமியார் எதிரில் மருமகளின் தூக்கமின்மை காணாமலே போய்விடும்.

மனநிலைப் பரிசோதனையைப் புத்தகப்படி செய்தால் மட்டும் போதாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளி முடித்தவருக்குச் சரி. பள்ளிப்படி ஏறாத ஒரு மீன் வியாபாரி அதில் திணறினால் அவருக்குக் கவனக் குறைவு என்று எழுதிவிடலாமா? கிலோ முந்நூற்று ஐம்பது என்றால் முக்கால் கிலோவுக்கு எவ்வளவு, ஐந்நூறு கொடுத்தால் மீதி என்ன என்று கேளுங்கள். உங்களைவிட வேகமாகச் சொல்வார். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லலாம். பொருள் கேட்கும் பழமொழியும் அவர் காதில் விழுந்ததாக இருக்க வேண்டும். "யானைக்கும் அடி சறுக்கும்" போதும்.

"சைக்கியாட்ரி எடுத்தால் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடலாம்" என்று சொல்பவர்கள் எலும்பு முறிவு வார்டிலிருந்து இரவில் வரும் அழைப்பைப் பார்த்ததில்லை. விழுந்து தொடை எலும்பு முறிந்து சேர்ந்தவர், மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் படுக்கையில் தட்டிக்கொண்டு, ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார். "பைத்தியம் பிடித்துவிட்டது, உங்கள் வார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். தினமும் குடித்தவர், சேர்ந்த நாளிலிருந்து குடிக்கவில்லை, அவ்வளவுதான். இது டெலிரியம் ட்ரெமன்ஸ், குடியைத் திடீரென நிறுத்தியதால் வரும், உயிர் போகக்கூடிய அவசரநிலை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும். அமைதிப்படுத்தும் மருந்துகளில், கல்லீரல் கெட்டிருந்தால் டயஸெபாமை விட லோராஸெபாம் பாதுகாப்பானது. இதெல்லாம் மெடிசின்தான்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையில் நன்றாக இருக்கும் ஒருவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் நாட்கணக்கில் கடலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில், வியர்வை, குறைவாகக் குடிக்கும் தண்ணீர், உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரை. இத்தனையும் சேர்ந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டத்தோடு திரும்புவார். மாத்திரை எழுதும்போதே என்ன தொழில் என்று கேட்டிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவருக்குத் தூக்க மாத்திரை எழுதும்போதும் அதே கேள்விதான்.

எம்.டி. மூன்று ஆண்டுகள். நான்கு தியரி தாள்கள், தீசிஸ் என்ற ஆய்வேடு, கேஸ் தேர்வுகள், வைவா என்ற வாய்மொழித் தேர்வு. நரம்பியல் கேஸும் வரும். அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். தீசிஸ் தலைப்பை முதலாண்டிலேயே முடிவு செய்யுங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் ஓடிவிடும். இடையில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி உண்டு. பலர் அதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். சீனியர் பக்கத்தில் இல்லாமல் முடிவெடுக்கப் பழகுவது அங்கேதான்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை வைவாவுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படிதான் ஒவ்வொரு அட்மிஷனும் நடக்கிறது. நோயாளி தானே முடிவெடுக்க முடியாத நிலையில் அவருடைய பிரதிநிதி கேட்டு 89-ஆம் பிரிவில் சேர்த்தால் 30 நாள் வரம்பு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கூடாது. சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாநிலம் இது. இருந்தாலும் தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போய்விட்டு வரும் குடும்பத்தைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அங்கே மட்டும்தான் போவார்கள்.

உறவினர்களையும் சொல்லியாக வேண்டும். "கீழ்ப்பாக்கம்" என்றதும் சிரிப்பார்கள். கல்யாணப் பேச்சில் "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா?" என்பார்கள். அந்தக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் அயனாவரத்தை ஒட்டி, மேடவாக்கம் டேங்க் சாலையில் இருக்கிறது. அதன் வேர் 1794 வரை போகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதை நிர்வகித்தார், பிறகு 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நம் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இவ்வளவு இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். அரசு மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவக் கல்லூரி, போதை மீட்பு மையம், சொந்த கிளினிக் என்று வழிகள் பல. உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் எம்.டி.க்குப் பின் பொதுவாக ஓராண்டு சீனியர் ரெசிடென்சி என்ற பணி வேண்டும். கிளினிக்குக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை, குரல் வெளியே கேட்காத ஓர் அறை இருந்தால் போதும். ஆனால் முதல் சில ஆண்டுகள் வருமானம் மெதுவாகத்தான் ஏறும். தண்டையார்பேட்டைக்காரர் யார் கண்ணிலும் படக் கூடாது என்று அண்ணா நகருக்குப் போவார். அண்ணா நகர்க்காரர் அதே காரணத்துக்காக உங்களிடம் வருவார்.

இடம் தேர்ந்தெடுக்கும் பட்டியலை நிரப்புவதற்கு முன் அந்தத் துறைகளுக்கு நேரில் போய் இரண்டாமாண்டு மேற்படிப்பு மாணவர்களிடம் கேளுங்கள்: பொது மருத்துவமனையோடு சேர்ந்ததா, மற்ற வார்டுகளிலிருந்து அழைப்பு வருமா, குழந்தைகள் பிரிவும் குடிமீட்புப் பிரிவும் தனியாக உண்டா, நோயாளி தற்கொலை செய்துகொண்டால் அன்றிரவு உங்களோடு உட்கார்ந்து பேச சீனியர் இருக்கிறாரா, வாரத்தில் ஒரு கேஸையாவது பேராசிரியர் முழுதாக உட்கார்ந்து கேட்கிறாரா. கடைசி இரண்டுக்கும் "ஆம்" என்று வந்தால், கல்லூரியின் பெயர் எதுவானாலும் பட்டியலில் மேலே போடுங்கள்.