களஞ்சியக் கணக்கும் காணிக் கணக்கும்

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று இணைந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. அந்த நாளிலிருந்து இரண்டு தவணைகள் தொடங்கின. 4ஆம் உறுப்புரைப்படி களஞ்சியத்தில் உள்ள மிதிவெடிகளை 4 ஆண்டுகளுக்குள் அழிக்க வேண்டும். 5ஆம் உறுப்புரைப்படி நிலத்தில் புதைந்தவற்றை 10 ஆண்டுகளுக்குள், அதாவது 2028 ஜூன் 1க்குள், அகற்ற வேண்டும். முதலாவது, தவணைக்கு முன்பே முடிந்தது. 2022இல் நாடாளுமன்றம் மிதிவெடிகளைத் தடைசெய்யும் சட்டத்தையும் நிறைவேற்றியது. இரண்டாவது வேலைதான் கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையின் மணலில் ஆண்டுக்கணக்காக இழுபடுகிறது.

அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு உறுப்புரைகளும் வேலை என்று வரும்போது இரு துருவங்கள். களஞ்சியத்தில் கணக்குப் புத்தகம் முதலில் இருக்கிறது. பொருளை அதோடு ஒத்துப்பார்த்தால் போதும். காணியில் பொருள்தான் முதலில் இருக்கிறது. புத்தகத்தை நாம்தான் எழுத வேண்டும்.

களஞ்சிய வேலையில் தவறு பெரும்பாலும் எண்ணும் இடத்திலேயே நடக்கிறது. மிதிவெடியின் உடல் ஒரு பெட்டியில், வெடிப்பைத் தொடங்கிவைக்கும் உருகி வேறொரு பெட்டியில், சில வேளை வேறொரு முகாமில் இருக்கும். உடல்களை மட்டும் எண்ணி அழித்துவிட்டு உருகிகளை விட்டுவைத்தால் கணக்கு முடிந்ததுபோலத் தெரியும், ஆபத்து முடியாது. தொகுதி எண், உற்பத்தி ஆண்டு, பெட்டியின் முத்திரை ஆகிய மூன்றும் பேரேட்டோடு பொருந்தாத பெட்டியைத் தனியே வைத்து, திறந்து, ஒவ்வொன்றாக எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. பயிற்சிக்காகக் கொஞ்சம் வைத்துக்கொள்ள 3ஆம் உறுப்புரை இடம் தருகிறது. ஆனால் அது தேவைக்கு மிகாத மிகக் குறைந்த அளவாக இருக்க வேண்டும். எத்தனை வைத்திருக்கிறோம், எத்தனை பயன்பட்டன என்று ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் கொடுக்கும் அறிக்கையில் காட்ட வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே எண்ணைக் காட்டும் அறிக்கை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சந்தேகத்தோடு படிக்கத் தக்கது. பயிற்சி நடந்தால் எண் குறைந்திருக்கும்.

அழிப்பது பெரும்பாலும் குழியில் அடுக்கித் திறந்தவெளியில் வெடிக்கவைப்பதுதான். தூண்டும் வெடிமருந்தை அடுக்கின் மேலே வைப்பார்கள், அழுத்தம் கீழ்நோக்கிப் போகட்டும் என்று. அடுக்கு தளர்வாக இருந்தால் ஓரத்தில் இருப்பவை வெடிக்காமல் வெளியே எறியப்படும். குழியைச் சுற்றி நடந்து, பறந்து விழுந்ததைத் தேடிப் பொறுக்காமல் அன்றைய கணக்கை மூடக் கூடாது. களைத்த மாலையில் இந்தக் கடைசி நடையைத்தான் சுருக்கிக்கொள்ளத் தோன்றும்.

தடைசெய்யப்படாத வெடிபொருட்களுக்கு இப்படி ஒரு தவணையே கிடையாது என்பது பெருங்குறை. 2016 ஜூன் 5 அன்று கொஸ்கமவின் சாலாவ இராணுவ முகாமில் ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது சுற்றிலும் 6 கிலோமீற்றருக்குள் இருந்த மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. களஞ்சியத்துக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்குச் சர்வதேச வழிகாட்டல்களில் கணக்கு இருக்கிறது: மொத்தமாக வெடிக்கக்கூடிய பொருளின் நிறையைக் கிலோகிராமில் எடுத்து, அதன் கனமூலத்தை 22.2ஆல் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 1,000 கிலோவுக்கு 222 மீற்றர், 8,000 கிலோவுக்கு 444 மீற்றர். துண்டுகள் பறப்பதற்கான குறைந்தபட்சத் தூரம் தனியாக உண்டு. கணக்கு எளிது. காலப்போக்கில் வீடுகள் வேலியை நெருங்கி வருவதும், கொள்ளளவை மீறிப் பெட்டிகள் சேர்வதும்தான் அதைப் பொய்யாக்குகின்றன. குண்டைச் செலுத்தும் உந்துமருந்து கிழடாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மெல்லச் சிதையும். அதிலிருந்து வரும் வாயுவை உறிஞ்சச் சேர்த்த நிலைப்படுத்தி தீர்ந்துபோனால் சிதைவு தன்னைத் தானே வேகப்படுத்தி, சூடேறி, யாரும் தொடாமலே தீப்பிடிக்கும். நிலைப்படுத்தியின் அளவைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டும். அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம், மிதிவெடித் தடைச் சட்டத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இனிக் காணிக்கு வருவோம். முகமாலையில் 2000 முதல் போரின் கடைசிக்காலம் வரை முன்னரண் கோடுகள் இருந்தன. கோடு நகர்ந்த ஒவ்வொரு முறையும் பழைய வரிசைக்கு மேல் புதிய வரிசை விழுந்தது. இராணுவம் புதைத்தவற்றுக்கு வரைபடம் உண்டு. வரைபடம் வரிசையைக் காட்டும். ஆனால் அதன் தொடக்கப் புள்ளி ஒரு பனை என்றால், அந்தப் பனையே ஷெல் பட்டு இல்லாமல் போயிருக்கும். புலிகள் புதைத்தவற்றுக்கு நம்பத்தக்க பதிவு மிகக் குறைவு. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் மிதிவெடி, உலோகம் சொற்பம். புலிகளின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது. மரம் உக்கிப்போன பிறகும் உள்ளே வெடிமருந்தும் டெட்டனேற்றரும் கிடக்கும்.

உலோகங்காட்டி இங்கே தடுமாறும். ஷெல் துண்டும் தோட்டாக் கோதும் நிறைந்த மண்ணில் அது ஓயாமல் கத்தும். பி-4க்கு மட்டும் முனகும். அதனால்தான் வடக்கில் ‘ரேக்’ என்ற பல்வாரியால் கிளறும் முறை வேரூன்றியது. நீண்ட கைப்பிடி கொண்ட கனமான ரேக்கால் மண்ணைத் தளர்த்தி, இலேசான ரேக்கால் பின்னுக்கு இழுத்து, குறித்த ஆழம்வரை மண் முழுவதையும் அரித்தெடுப்பார்கள். அழுத்தத் தட்டு மேலே இருப்பதால் மிதிவெடியைப் பக்கவாட்டிலிருந்து சந்திக்க வேண்டும். ஆகவே முதலில் ஒரு தொடக்கக் குழி, பிறகு அதன் சுவரைக் கீழிருந்து சரித்தபடி முன்னேற்றம். கோடையில் இறுகிய மண்ணில் ரேக் பிடிக்காது, வலுவைக் கூட்டச் சொல்லும். அந்த இடத்தில் வலுவைக் கூட்டாமல் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். வேர் தள்ளியோ மழைவெள்ளம் புரட்டியோ சரிந்து கிடக்கும் மிதிவெடியின் அழுத்தத் தட்டு ரேக்கை நோக்கித் திரும்பியிருக்கலாம். முகக்கவசமும் மார்புக்கவசமும் அதற்காகத்தான். சர்வதேச நியமம் கவசத்துக்கு வைத்த அளவுகோல், 60 சென்ரிமீற்றருக்கு அப்பால் வெடிக்கும் 240 கிராம் டி.என்.டி. வெயிலில் முகக்கவசத்தை ஒரு நிமிடம் உயர்த்துபவருக்கு அந்த அளவுகோலால் பயனில்லை. இந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் போரில் எல்லாம் இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். பொறுமையும் ஒழுங்கும் அவர்களிடம்தான் கற்கக் கிடக்கின்றன.

நாளொன்றுக்குச் சில சதுர மீற்றர்கள்தான் நகரும் என்பதால், எங்கே ரேக்கை வைக்கக் கூடாது என்று முடிவெடுப்பதே உழைப்பைப் பெரிதும் மிச்சப்படுத்தும். உடன்படிக்கை மிதிவெடி இருப்பதாகத் தெரிந்த நிலத்தோடு, சந்தேகிக்கப்படும் நிலத்தையும் சேர்க்கிறது. அந்தச் சந்தேகத்தை விசாரித்துத்தான் குறைக்க முடியும்: மாடு மேய்த்தவர், விறகு வெட்டியவர், மீள்குடியேறிய முதல் குடும்பம், கிராம அலுவலர், வைத்தியசாலையின் காயப் பதிவு. சான்று இல்லாத துண்டைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஐயமுள்ளதைச் சில தடங்கள் வெட்டிச் சோதித்துச் சுருக்கலாம். மிஞ்சியதை மட்டும் முழுதாக அகற்றலாம். மூன்றையும் ஒரே எண்ணாக்கி ‘விடுவிக்கப்பட்ட நிலம்’ என்று அறிக்கையில் எழுதும்போது, வாசிப்பவருக்கு எல்லா மண்ணும் அரிக்கப்பட்டதாகத் தோன்றிவிடும்.

கொத்துக்குண்டு உடன்படிக்கை 2018 செப்டம்பர் 1 முதல் இலங்கைக்குப் பொருந்துகிறது. களஞ்சியத்துக்கு 8 ஆண்டு, நிலத்துக்கு 10 ஆண்டு என்ற கணக்கு அதில். சில மரபுசார் ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையோடு சேர்ந்த, போரின் வெடிக்காத எச்சங்கள் பற்றிய 2003ஆம் ஆண்டு ஐந்தாம் நெறிமுறையில்தான், எங்கே எதைச் சுட்டோம், போட்டோம் என்று பதிந்துவைக்கும் கடமை இருக்கிறது. அந்தக் கடமைக்கு இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்ற தளர்வு கொடுத்துவிட்டார்கள். முகமாலையில் மண்ணை அரிக்கும் யாரும் அந்தத் தளர்வுக்குக் கையொப்பமிட்டிருக்க மாட்டார்கள்.

காணியைக் கையளிக்கும் சான்றிதழிலும் இதே கவனம் வேண்டும். எல்லையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆள்கூறு, அகற்றிய ஆழம், எடுத்த பொருட்களின் வகையும் எண்ணிக்கையும், அகற்றாமல் விட்ட இடமும் காரணமும் அதில் இருக்க வேண்டும். ஆழத்தை எழுதாத சான்றிதழ், தோட்டம் கொத்துபவருக்குச் சரி. அதே காணியில் கிணறு வெட்டுபவருக்கு அது எதுவும் சொல்லாது. எல்லையில் நட்ட கம்பங்கள் ஓரிரு மழைக்குள் வேலிக்கோ அடுப்புக்கோ போய்விடும். ஆகவே ஆள்கூறுகள் பிரதேச செயலகத்தின் காணிக் கோவையிலும் ஏற வேண்டும். காணி கைமாறும்போது வாங்குபவர் பார்க்கும் கோவை அதுதான்.