பழைய பாமினி, வானவில் கோப்புகளை ஓ.டி.எஃப். ஆக்கும்போது

அரசு அலுவலகங்களில் ஓ.டி.எஃப். என்ற திறந்த ஆவண வடிவத்துக்கு மாறுவது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்: லிபர்ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை நிறுவி, பழைய வேர்ட் கோப்புகளை ஃபோல்டரோடு மொத்தமாக மாற்றிவிடுவது. எல்லாக் கோப்பும் திறக்கும், அச்சும் வரும். ஆனால் 'பட்டா மாறுதல்' என்று தேடினால் ஒன்றுகூடச் சிக்காது. காரணம், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து, குறிகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுபவை.

ஓ.டி.எஃப். 2006இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. அந்த வடிவக் கோப்பு என்பது பல கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிய ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் கன்டென்ட் (உரை), ஸ்டைல்ஸ் (வடிவமைப்பு) என்ற எக்ஸ்.எம்.எல். கோப்புகளை, அதாவது குறிச்சொற்கள் கொண்ட உரைக் கோப்புகளை, யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் அந்தத் தரம் பொட்டலத்துக்குத்தான் பொறுப்பு. பாமினியில் தட்டிய 'அம்மா' உள்ளே நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். தமிழக அரசு 2010இலேயே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் தனி எண் தரும் யூனிகோடையும், தமிழுக்கென உருவான 16 பிட் குறியாக்கமான டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடாது.

முதலில் ஓ.டி.எஃப்., பிறகு யூனிகோடு என்ற வரிசைதான் என் பரிந்துரை. பழைய பைனரி வேர்ட் கோப்பில் கைவைப்பதைவிட எக்ஸ்.எம்.எல்.லில் கைவைப்பது எளிது. லிபர்ஆபீஸைத் திரையில்லா முறையில், அதாவது சாளரம் திறக்காமல் கட்டளையால், ஓட்டி மாற்றலாம். அதற்கு முன் திறந்திருக்கும் லிபர்ஆபீஸ் சாளரங்களை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பல பதிப்புகளில் கட்டளை சத்தமில்லாமல் எதையும் செய்யாமல் முடிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் யாரும் 'எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிவிடலாம்' என்று இறங்கக் கூடாது. எந்த உரைத் துண்டு பாமினி, எது வானவில், எது உண்மையான ஆங்கிலம் என்பதற்குக் கோப்பில் இருக்கும் ஒரே சாட்சி எழுத்துருவின் பெயர். அது போய்விட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டியதுதான். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

மாற்றும் நிரல் ஒவ்வொரு துண்டின் ஸ்டைலையும், அதில் எழுத்துரு குறிக்கப்படவில்லையென்றால் அதன் தாய் ஸ்டைலையும் பார்த்து, பழைய எழுத்துருவில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் மின்னஞ்சல் முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் தமிழாகிவிடும். பாமினிக்கு ஓர் அட்டவணை, வானவில்லுக்கு வேறு, டாப், டாம் என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்கள் இரண்டுக்கும் வேறு வேறு.

அதிகம் தொல்லை கொடுப்பது கொம்புதான். 'கெ' என்றால் பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முன்னால், ககரம் பின்னால், யூனிகோடில் தலைகீழ். யாரோ ஒரு சொல்லின் நடுவில் திருத்தியிருந்தால் வேர்ட் அந்தச் சொல்லை இரண்டு துண்டாக்கி வைத்திருக்கும்: கொம்பு ஒன்றில், ககரம் மற்றதில். துண்டு துண்டாக மாற்றினால் கொம்பு அந்தரத்தில் நிற்கும். ஆகவே ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து இருப்பவற்றை முதலில் இணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கடைசியில் யூனிகோடு குறிகளை ஒரே சீராக்கும் என்.எஃப்.சி. இயல்பாக்கம் செய்தால் 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகும். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தட்டியதை அது சரிசெய்யாது, அதைத் தனியாகத் தேட வேண்டும்.

இவ்வளவும் முடிந்து கோப்பைத் திறந்தால் தலைப்புகள் சிறுத்து, தடித்த எழுத்து மெலிந்திருக்கும். பயப்பட வேண்டாம். பாமினி எழுத்துகள் மேலைநாட்டு எழுத்தாகக் கணக்கில் இருந்தன. யூனிகோடு தமிழோ சிக்கலான எழுத்து வகை. இரண்டுக்கும் எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் ஸ்டைலில் தனித்தனியாகப் பதிவாகின்றன. மேலை எழுத்துக்கு இருக்கும் அளவையும் (14 என்றால் 14) தடிமனையும் மற்றதற்கும் நகலெடுங்கள். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பிலும் இதே இரட்டைக் கணக்குதான்.

எழுத்துரு மாறினால் பக்கமும் மாறும். மைக்ரோசாஃப்டின் காலிப்ரிக்கு ஈடான எழுத்து அகலத்தில் கார்லிட்டோ என்ற திறந்த எழுத்துரு இருப்பதுபோல் லதாவுக்கோ நிர்மலாவுக்கோ திறந்த மாற்று கிடையாது. நோட்டோ தமிழ் என்ற திறந்த எழுத்துருவை எல்லாக் கணினியிலும் நிறுவுங்கள், அல்லது கோப்பின் பண்புகளில் 'எழுத்துருவைப் பொதி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; நோட்டோவின் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. குறிப்பாணையில் பக்க எண்ணைவிடப் பத்தி எண்ணைச் சுட்டுவது எந்த மென்பொருளிலும் நிற்கும்.

விரிதாள்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஓ.டி.எஃப். 1.1 வரை சூத்திரங்களுக்கென முழு இலக்கணம் இல்லை. 2009இல் எக்செல் 2007 ஓப்பன்ஆபீஸ் கோப்பைத் திறந்து சூத்திரத்தைக் கழற்றிவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொண்டது அதனால்தான். 1.2இல் அந்தக் குறை தீர்ந்தது. ஆனாலும் பழைய கோப்பு என்றால் மாற்றியபின் ஒரு கலத்தின் எண்ணை மாற்றி, மொத்தம் நகர்கிறதா என்று பாருங்கள். வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைத்த மேக்ரோக்களோ பெரும்பாலும் புதிதாக எழுத வேண்டியவை.